கடல் பக்கம் விழுந்த நிழல்

மாலை ஐந்து மணிக்குப் பிறகு விமர்சகர் ஆகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவர் வங்கியில் வேலை செய்கிறார், ஒருவர் கணிதம் படிப்பிக்கிறார், ஒருவர் வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுக்கிறார். போன மாதம் என்னை நடுவில் இருத்தி, "ஐயா, ரெண்டு வேலையையும் எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" என்று கேட்டீர்கள். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சும்மா சிரித்தேன். நேரே கேட்டால் எனக்கு வாய் வராது. எழுதச் சொன்னால் கொஞ்சம் வரும், சில வேளை வேண்டியதற்கு மேலும் வரும்.

என் உத்தியோகம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சனம் சுருக்கமாகப் பி.எச்.ஐ. என்னும். சாப்பாட்டுக் கடைகளின் குசினிக்குள் புகுந்து, பானையைத் திறந்து, கிணற்றை எட்டிப் பார்த்து, மேசைக்குக் கீழே கரப்பான் தேடி, பிழை கண்டால் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதுதான் வேலை. நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் அந்த வீதியில் நாலு கடைக்காரர் அவசரமாகக் கூட்டத் தொடங்குவார்கள். இந்த மனிதன் ஓவியத்தைப் பற்றி எழுதுகிறான் என்றால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்கள். என் மனைவி இன்றைக்கும் சிரிக்கிறாள்.

எல்லாம் தொடங்கியது வயிற்றோட்டத்தில். யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் ரோல்ஸ் சாப்பிட்ட ஏழெட்டுப் பேருக்கு வயிறு குழம்பிவிட்டது. விசாரிக்கப் போனேன். பூட்டியிருந்த குசினியின் திறப்பை வைத்திருந்தவர் வரவில்லை. பக்கத்து அறையில் ஓவியக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஒன்றரை மணி நேரம் அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். முதல் சுற்றில் வெறும் மஞ்சளாகத் தெரிந்த ஒரு படத்தில், மூன்றாம் சுற்றில், பாயில் காய்ச்சலோடு கிடக்கும் ஒரு பிள்ளை தெரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கையிலிருந்த பரிசோதனைப் படிவத்தின் பின்பக்கத்தில் அதை எழுதி, பத்திரிகைக்குத் தபாலில் அனுப்பினேன். போட்டுவிட்டார்கள். அந்தக் குசினிக்காரர் நேரத்துக்கு வந்திருந்தால் நான் இன்று வெறும் ஓய்வுபெற்ற பி.எச்.ஐ. மட்டும்தான். அவருக்கு நான் கடமைப்பட்டவன். ஆனாலும் குசினியை ஒரு கிழமை மூடித்தான் வைத்தேன்.

இரண்டு வேலையும் ஒன்றோடொன்று முட்டுகிற நாள் வரும். எனக்கு இரண்டாம் வருடமே வந்தது. ஒரு சாப்பாட்டுக்கடை முதலாளி, நான் குசினியைப் பார்த்து முடிய, கைகழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெல்லச் சொன்னார்: "ஐயா, மருமகன் படம் கீறுறவன். நாலு நல்ல சொல்லு எழுதிவிட்டா என்ன குறைஞ்சு போகும்?" மருமகனின் படங்கள் உண்மையிலேயே நல்லவை. நான் எழுதவேயில்லை. யாருடைய குசினியைப் பார்க்கிறேனோ அவர் வீட்டுப் படத்தைப் பற்றி எழுதுவதில்லை என்று அன்று வைத்த கட்டுப்பாடு கடைசி வரை இருந்தது. அந்தப் பையனுக்கு அது அநியாயம்தான். இன்றும் அவனைக் கண்டால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

இதெல்லாம் சின்ன விசயங்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போது, பேர் எடுத்து, கண்காட்சிகளில் முன்வரிசைக் கதிரை கிடைக்கத் தொடங்கிய காலத்தில், நான் விட்ட பிழை.

தர்மினி என்று ஒரு ஓவியர். முன்பள்ளி ஆசிரியை. மயிலிட்டிக்காரி. மயிலிட்டி வடக்குக் கரையில் உள்ள மீன்பிடி ஊர். தொண்ணூறில் சண்டையால் அந்தச் சனம் ஊரைவிட்டு எழும்பி வந்தபோது அவளுக்கு நாலு வயது. பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த ஊருக்குள் யாரும் போக முடியவில்லை. முகாம், வாடகைக் கொட்டில், மறுபடி முகாம். இராணுவம் துறைமுகத்தை விட்டதும் திரும்பிப் போன குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அவள் முகாமில் இருந்த காலத்திலேயே கீறிய பதினொரு படங்களை மார்கழி மாதம் யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைத்தாள். எல்லாம் மயிலிட்டிக் கரை. கரையில் ஏற்றி விட்ட வள்ளங்கள், வலை, மனிதர்கள், கடல்.

திறப்பு விழாவுக்குப் போனேன். விளக்கேற்றி, மூன்று பேர் பேசி முடிய, சனத்துக்கு நடுவே நின்று பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பரிசோதனை செய்தேன். குசினிக்குள் போனால் முதல் இரண்டு நிமிடத்தில் பிழை எங்கே என்று கண் தேடும். அந்தப் பழக்கம் எனக்கு ஊறிப்போயிருந்தது. அன்றும் கண்டுபிடித்தேன். பதினொரு படத்திலும் வள்ளங்களின் நிழல் கடல் பக்கமாக விழுந்திருந்தது. வடக்குக் கரையில் நிழல் ஊர்ப்பக்கமாக அல்லவா விழ வேண்டும்! எனக்கு அது நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்தேன். மிச்சத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய் எழுதினேன்.

அதில் இருந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்கிறேன். "தான் வரைந்த கரையில் இந்த ஓவியர் ஒருநாளும் நின்றதில்லை." எழுதும்போது அந்த வசனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அதையே பெரிய எழுத்தில் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

புதன்கிழமை கந்தோர் வேலை முடிந்து, வழக்கம்போலப் படச்சட்டம் போடும் பிறேம் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரரை நான், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பம். தொண்ணூறில் இயக்கம் இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொல்ல, உடுத்த உடுப்போடு போய், புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஓவியர்களின் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். அதனால் எந்தப் படத்தையும் என்னைவிட அதிக நேரம் பார்த்தவர் அவர்தான். அன்று அவருடைய மேசையில் தர்மினியின் படங்கள் அடுக்கிக் கிடந்தன. இரண்டுக்குச் சட்டம் கழற்றியாகிவிட்டது.

"என்ன நானா, இப்பதானே போட்டனீங்கள்?"

"கழட்டச் சொல்லிட்டுது அந்தப் பிள்ளை. சட்டத்தை வித்துத் தரட்டாம். படம் இனி வேண்டாமாம்." அவர் ஆணி பிடுங்குகிற குறட்டைக் கீழே வைத்தார். "தைப்பொங்கலுக்கு உந்தப் படங்களைத் தங்கடை ஊர்ச் சனசமூக நிலையத்திலை வைக்க இருந்தவையள். திரும்பிப் போன பிறகு ஊரிலை நடக்கிற முதல் விழா. அதையும் வேண்டாம் எண்டிட்டுது. உங்கடை எழுத்தை அந்த நிலையத்திலைதானே எல்லாரும் வாசிச்சவை."

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? நியாயம் சொன்னேன். "நான் பொய் எழுதேல்லை நானா. நிழலைப் பாருங்கோ" என்றேன்.

அவர் நிழலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஐயா மயிலிட்டிக்குப் போயிருக்கிறியளோ?"

"இல்லை. ஆனா கீரிமலைக்குப் போயிருக்கிறன். அதே கரைதானே."

"நான் புத்தளத்திலை இருபது வருசம் இருந்தனான். இஞ்சை என்ரை வீட்டு முற்றத்திலை எந்த மாசம், எத்தினை மணிக்கு, எந்தப் பக்கம் வெயில் விழும் எண்டு அங்கையிருந்து என்ரை பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தனான். திரும்பி வந்தா வீடு உடைஞ்சு போச்சு. வெயில் நான் சொன்ன இடத்திலைதான் விழுந்தது." சொல்லிவிட்டு, "மிச்ச ஒன்பதையும் நான் உடனை கழட்டப் போறதில்லை. ஆணி துருப்பிடிச்சுப் போச்சு, நேரம் எடுக்கும் எண்டு சொல்லியிருக்கிறன்" என்றார். புது ஆணிகள். பளபளவென்று இருந்தன.

அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டேன். உரும்பிராயில் என் வீட்டிலிருந்து மயிலிட்டிக்கு மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம்கூட ஆகாது. இத்தனை வருடத்தில் அன்றுதான் முதல் தடவை போகிறேன். வழி திறந்து எவ்வளவு காலம்! போகாததற்கு ஒரு காரணமும் இல்லை, போகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கரைக்குப் போய்ச் சேரக் காலை பத்து மணி. மார்கழிக் கடல் பொங்கிக்கொண்டிருந்தது. தொழிலுக்குப் போக முடியாமல் வள்ளங்களைக் கரையில் ஏற்றி விட்டிருந்தார்கள். ஒருவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். வெயில் சுட்டது. ஒரு வள்ளத்தின் ஊர்ப்பக்கமாகப் போய் நிழலில் நிற்கப் பார்த்தேன். அங்கே நிழல் இல்லை. வெயில் நேரே முகத்தில் அடித்தது.

வலை தைத்தவர் சிரித்தார். "அங்காலை ஏன் நிக்கிறியள்? கடல் பக்கமா வாங்கோ. நிழல் இஞ்சை கிடக்கு."

போனேன். வள்ளத்தின் நிழல் கடலை நோக்கி நீட்டிக்கொண்டு கிடந்தது. அதற்குள் குந்தினேன். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. கால் விறைத்த பிறகுதான் எழும்பினேன்.

எங்கே பிழைத்தது என்று அங்கே இருந்தபோதே பிடிபட்டது. உரும்பிராய்த் தோட்டக்காரருக்கு வடக்குக் கடல் என்றால் ஆடி அமாவாசைக் கடல். நான் அப்பாவோடு போனதும் ஆடியில், அப்பா போன பிறகு அவருக்காக முழுகப் போவதும் ஆடியில். அந்த மாதம் உச்சியில் வெயில் வடக்கே சரிந்திருக்கும். கீரிமலையில் மதில் நிழல் ஊர்ப்பக்கம் விழும், முழுகிவிட்டு அதில்தான் ஒதுங்கி நிற்போம். மார்கழியில் வெயில் தெற்கே போய்விடும் என்பது வெங்காயத் தோட்டத் தறையில் நிற்கும்போது எனக்குத் தெரியும். எந்த வரம்பில் எப்போது வெயில் என்று கேட்டால் சொல்வேன். கடற்கரையில் மட்டும் எனக்கு வருடம் முழுக்க ஆடி. வருடத்துக்கு ஒரு நாள் பார்த்த கடலை வைத்துக்கொண்டு, அந்தக் கடலிலேயே சீவித்தவர்களுக்குப் பிழை சொல்லியிருந்தேன்.

வலை தைத்தவரிடமே வழி கேட்டுத் தர்மினியின் வீட்டுக்குப் போனேன். தகரக் கூரை, புதுச்சீமெந்துச் சுவர், இன்னும் பூசவில்லை. அவளுடைய தகப்பன் வாசலில் கதிரையில் இருந்தார். நான் இன்னார் என்று சொன்னதும் அவர் எழும்பவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை.

"வாசிச்சனான்" என்றார். "என்ரை மகள் அந்தக் கரையிலை நிக்கேல்லை எண்டு எழுதியிருந்தியள். சரிதான். நாலு வயசிலை தூக்கிக்கொண்டு ஓடின பிள்ளை எங்கை நிக்கிறது? நான் நிண்டனான். முகாமிலை மண்ணிலை தடியாலை கீறிக் கீறிச் சொன்னது நான். மார்கழியிலைதான் வள்ளம் கரையிலை கிடக்கும், அப்ப நிழல் கடலுக்குள்ளை போகும் எண்டு சொன்னதும் நான்." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப நிலையத்துக்குப் போனா, நான் சொன்ன கதையை நம்பி அவள் பிழையாக் கீறிப்போட்டாள் எண்டு என்னைப் பகிடி பண்ணுறாங்கள். கரைக்குப் போய்ப் பாக்காமலே பேப்பரை நம்புறாங்கள்."

 மன்னியுங்கோ என்றேன். அது மிகச் சின்னச் சொல்லாக இருந்தது. அப்போது தர்மினி உள்ளேயிருந்து வந்தாள். அழுத முகம் இல்லை, கோபமான முகம்.

"வாற ஞாயிற்றுக்கிழமையே திருத்தி எழுதுறன்" என்றேன். "நல்லா எழுதுறன்."

"அதுதான் வேண்டாம்" என்றாள். "செய்த பிழைக்குப் பரிகாரமாப் புகழ்ந்து எழுதினா, அது இன்னும் அவமானம். நீங்கள் என்ரை படத்திலை பிழை கண்டதுக்கு நான் கோவிக்கேல்லை. உண்மையான பிழை ஒண்டு அதிலை இருக்கு. பதினொரு படத்திலையும் இருக்கு. அதை நீங்கள் காணவே இல்லை. பாத்திருந்தாக் கண்டிருப்பியள்."

"என்ன பிழை?"

"அதை நானே சொல்லவோ? நீங்கள்தானே விமர்சகர்."

முப்பது வருட உத்தியோகத்தில் என்னை இப்படி யாரும் நிறுத்தி வைத்ததில்லை. அவள் சொன்னது ஒவ்வொன்றும் நியாயம்.

சனிக்கிழமை காலை நானாவின் கடைக்குப் போனேன். அவர் படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாத்தி வைத்துவிட்டு, நான் இருக்க ஒரு வாங்கைப் போட்டுத் தந்து, தன் வேலையைப் பார்த்தார். மத்தியானம் வரை இருந்தேன். கடலின் நிறம் படத்துக்குப் படம் மாறுவது தெரிந்தது. யாரோ சொல்லக் கேட்டுக் கேட்டு, மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்த ஒரு பிள்ளையின் கவனம் ஒவ்வொரு கயிற்றிலும் முடிச்சிலும் இருந்தது. எனக்குக் கண் கலங்கியது, மறைக்க மாட்டேன். பிறகு அந்தப் பிழையும் தெரிந்தது. கைகள். வலை இழுக்கிற, வள்ளம் தள்ளுகிற அத்தனை மனிதரின் கைகளும் பள்ளிக்கூடப் படங்களில் வருகிற கைகள். மெத்தென்று, எந்தத் தொழிலும் செய்யாத கைகள். ஏழாவது படத்தில் கயிற்றைப் பிடித்திருப்பவன் அதை உண்மையில் பிடிக்கவே இல்லை.

எழுதி முடித்து, பத்திரிகையில் அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பானவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, ஒரு சின்னத் திருத்தம் மூலையிலை போட்டுவிடுவம்" என்றார் அவர். "முழுப் பக்கத்திலை நான் பிழைவிட்டனான் எண்டு போட்டா, இனி உங்கடை எழுத்தை ஆர் மதிக்கிறது? பேப்பருக்கும் மரியாதை இல்லை."

"தம்பி, நான் ஒரு கடையின்ரை கதவிலை மூடச்சொல்லி நோட்டீஸ் ஒட்டினா, பிறகு சரியெண்டு கண்டா, அந்தக் கதவிலைதான் போய்க் கிழிக்க வேணும். பின்பக்கச் சுவரிலை கிழிக்க ஏலாது."

"உது கடை இல்லையே, அண்ணை."

"உது ஒரு மனுசியின்ரை பேர். அதே பக்கம், அதே அளவு. இல்லாட்டி இனி என்னட்டைக் கேக்காதேங்கோ."

 பதினைந்து வருடமாக எழுதிய பக்கம் அது, அதை விட எனக்கு மனமில்லை. கடைசியில் அவர் "அனுப்புங்கோ" என்றார். ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் வந்தது. அந்தக் கரையில் ஒருநாளும் நின்றிராதவன் இதை எழுதியவன்தான் என்று முதல் வசனம். அதற்குப் பிறகு படங்களைப் பற்றி. கடைசியில், ஒளிக்காமல், கைகளைப் பற்றி. ஒரு பொய்யான பாராட்டும் சேர்க்கவில்லை. சேர்க்கக் கை குறுகுறுத்தது, அதையும் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். மனம் உறுத்தும்போது தாராளமாக எழுதிவிடலாம் போல இருக்கும். அந்த நேரத்தில்தான் பேனையை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

இரண்டு நாள் ஒரு செய்தியும் இல்லை. மூன்றாம் நாள் நானா கூப்பிட்டார். "அந்தப் பிள்ளை வந்து, கழட்டின ரெண்டையும் திருப்பிப் போடச் சொல்லிட்டுது. ஆணி துருப்பிடிக்கேல்லை எண்டதையும் கண்டுபிடிச்சிட்டுது" என்றார். அந்த மனிதர் எனக்கு ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. ஒரு கேள்வி கேட்டார், ஒரு வாங்கு போட்டுத் தந்தார், ஒன்பது படங்களின் ஆணியில் கை வைக்காமல் இருந்தார். விமர்சனம் எங்கே படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் அந்தக் கடையைத்தான் சொல்வேன்.

தைப்பொங்கலன்று பின்னேரம் மயிலிட்டிக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. சனசமூக நிலையத்தின் ஒற்றை அறையில் பதினொரு படமும் தொங்கின. கதவுக்குப் பக்கத்தில் என் இரண்டு கட்டுரைகளையும் அருகருகே ஒட்டியிருந்தாள். உள்ளே ஒரே சத்தம். இது என்னுடைய பெரியப்பாவின் வள்ளம், இல்லை உன்னுடைய மாமனுடையது என்று ஆளாளுக்கு வாக்குவாதம். என்னைக் கவனிக்க ஒருவருக்கும் நேரமில்லை. தர்மினி தூரத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டினாள். அது எனக்குப் போதும்.

அவளுடைய தகப்பன்தான் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ரெண்டாவதையும் வாசிச்சனான்" என்றார். "கையைப் பற்றி எழுதினது சரி. ஆனா அது அவளின்ரை பிழை இல்லை, ஐயா. வெயில் சொன்னனான், காத்துச் சொன்னனான், வள்ளம், வலை, முடிச்சு எல்லாம் சொன்னனான். கையைச் சொல்லேல்லை. அது சொல்ல வேண்டிய விசயம் எண்டு எனக்குத் தெரியேல்லை. இப்ப விடியக்காலமை அரை மணித்தியாலம் மேசையிலை கையை வைச்சுக்கொண்டு இருக்கிறன். அவள் கீறுறாள்."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் எனக்கு முன்னால் விரித்துக் காட்டினார். நான் பார்த்தேன். அவசரப்படாமல், அவர் தானாக மடக்கும் வரைக்கும் பார்த்தேன்.